காலி என்று மஞ்சு எழுதினான்

1

இங்கே சொந்தக் காருக்கும் வருஷத்துக்கு ஒரு முறை சோதனை உண்டு. நம் ஊரில் லாரிக்கும் டாக்ஸிக்கும் எஃப்.சி. எடுக்கிறோமே, அந்த மாதிரி. நாங்கள் இங்கிலாந்தில் வந்து இறங்கியது ஒரு மார்ச் மாதம். எங்கள் வண்டிக்குச் சோதனை வருவதும் மார்ச்சில்தான். அதனால் நினைவூட்டல் கடிதம் வரும்போதெல்லாம், சரி, இன்னொரு வருஷம் ஓடிவிட்டது என்று தெரிந்துகொள்வேன். இந்த மார்ச்சோடு பதின்மூன்று.

கேரேஜ்காரர் ஸ்டீவ் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். டாஷ்போர்டில் ஒரு வாரமாக எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கைப் பார்த்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகி, அதில் வந்த எண்ணைப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இட்ஸ் ரன்னிங் லீன்" என்றார்.

நான் "தேங்க் யூ" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் மேல் தப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஓசூரில் நான் எட்டு வருஷம் வேலை பார்த்த கம்பெனியில் 'லீன்' என்றால் பெரிய வார்த்தை. வீண் இல்லாமல், தேங்காமல், அனாவசியமாகக் கையை நீட்டாமல் வேலை பார்ப்பதற்குப் பெயர் லீன். கேன்டீன் சுவரில், கழிவறைக் கதவில், கம்பெனி பஸ்ஸின் முதுகில் எல்லாம் அதை எழுதி வைத்திருந்தார்கள். ஒரு வருஷம் எங்கள் லைன்தான் ஆலையிலேயே நல்ல லீன் லைன் என்று ஆளுக்கொரு டிபன் டப்பா கொடுத்தார்கள். அதில்தான் இன்றைக்கும் நான் வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். அப்படிப்பட்டவனிடம் வந்து உன் வண்டி லீனாக ஓடுகிறது என்றால் அவன் நன்றி சொல்லாமல் என்ன செய்வான்?

ஸ்டீவ் பொறுமையாக விளக்கினார். இன்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் ஒரு அளவில் கலந்து போக வேண்டும். காற்று கூடினாலோ பெட்ரோல் குறைந்தாலோ அது லீன். எது கூடியது, எது குறைந்தது என்று அந்த எண் சொல்லாது. சென்சாராக இருக்கலாம், பம்பாக இருக்கலாம், எங்காவது கசிவாக இருக்கலாம். விளக்கு எரிகிறவரைக்கும் சோதனையில் தேறாது. பழைய சான்றிதழ் இன்னும் பன்னிரண்டு நாளைக்குச் செல்லும். எல்லாம் சொல்லிவிட்டு, "பதினாறு வருஷ வண்டி. இதற்கு மேல் இதோடு போராட வேண்டுமா என்று யோசித்துக்கொள்" என்றார்.

2

ஓசூர்க்காரன் என்றால் வண்டி தெரிந்தவன் என்று இங்கே இருக்கும் தமிழர்களுக்கு ஒரு நம்பிக்கை. கோயிலில் பார்த்தால்கூட பானெட்டைத் திறந்து காட்டுவார்கள். நானும் தலையை உள்ளே விட்டு, "ம்ம்" என்று சொல்லிவிட்டு வெளியே எடுப்பேன்.

உண்மையைச் சொல்கிறேன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, எட்டு வருஷம் ஓசூரில் நான் பார்த்தது ஒரே ஒரு பிராக்கெட். கட்டைவிரல் நீளத்தில் ஒரு இரும்புத் துண்டு, மூன்று துளை. துளை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பச்சைத் தட்டிலும் இல்லாவிட்டால் சிவப்புத் தட்டிலும் போட வேண்டும். அது வண்டியில் எந்த இடத்தில் உட்கார்கிறது என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இருந்தாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. ஒரு நண்பர் ஆக்சிஜன் சென்சார்தான் என்று அடித்துச் சொன்னார். மாற்றினேன். விளக்கு அணைந்தது, இரண்டாம் நாள் மறுபடி எரிந்தது. இன்னொருவர் பெட்ரோலில் ஊற்றும் மருந்து ஒன்றைச் சொன்னார். ஊற்றினேன். விளக்கு அசையவே இல்லை. இணையத்தில் ஒருத்தர் பெட்ரோல் மூடியை இறுக்கி மூடினால் போதும் என்றார். அதையும் தினம் மூன்று தடவை திறந்து திறந்து மூடினேன். காற்று அதிகமா, பெட்ரோல் குறைவா என்று வேலையில் நிற்கும்போதும் இதே யோசனை. ஒரு நாள் மனைவி, "இதுல ஒண்ணத்தையாவது முழுசாப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். எதை முழுசாகப் பார்ப்பது என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

3

வண்டி போனால் பஸ் இருக்கிறது. என் வேலைக்கு நடந்தேகூடப் போய்விடலாம். என் கவலை வேறு.

என் மகள் பவித்ரா. நான்கு வயதில் கூட்டிக்கொண்டு வந்தோம், இப்போது பதினேழு. செப்டம்பரில் வேறு ஊருக்குப் படிக்கப் போகிறாள். வீட்டில் அவள் பேசுவதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பசிக்கலை. ஓகே. அப்புறம். மாடி ஏறிக் கதவைச் சாத்தினால் அவ்வளவுதான்.

ஆனால் காலையில் அவளைப் பிளஸ் டூ கல்லூரியில் கொண்டுவிடும் இருபத்தைந்து நிமிஷம் வேறு மாதிரி. காரில் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, பேசுவாள். தோழி ஒருத்தி தன்னை விட்டு விலகிவிட்டதைச் சொல்வாள். பயமாக இருக்கிறது என்பாள், எதற்கு என்று கேட்டால் தெரியலை என்பாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். என் ஆங்கிலத்தைத் திருத்துவாள். நான் அவள் தமிழைத் திருத்துவதில்லை. திருத்தினால் பேச்சு நின்றுவிடும் என்று பயம்.

ஒரு காலத்தில் திருத்தியிருக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மூன்று வருஷம் போனாள். பத்து வயதில் ஒரு நாள் புத்தகப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இனிமேல் போகமாட்டேன் என்றாள். காரணம் 'கா'. காக்காவுக்கும் அதே கா, காந்திக்கும் அதே கா, ஆனால் சத்தம் வேறு. எங்கே எப்படிச் சொல்ல வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறாள். பழக்கத்தில் வந்துவிடும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். "அந்தப் பழக்கம் எனக்கு எங்க இருந்து வரும்?" என்று என்னிடம் வந்து கத்தினாள். ரொம்பப் பேசாதே, ஒழுங்காகப் படி என்றேன். அதோடு தமிழ் எழுத்துக்கு முழுக்குப் போட்டவள்தான், இன்றுவரை தன் பெயரைக்கூடத் தமிழில் வாசிக்க மாட்டாள். என் அவசர வாயால் போனது அது.

அதனால்தான் சொல்கிறேன். இந்த வண்டி போனால் அவள் பஸ்ஸில் போவாள், காதில் எதையாவது மாட்டிக்கொள்வாள். செப்டம்பர் வரைக்கும் மிச்சம் இருந்த அந்த இருபத்தைந்து நிமிஷமும் போய்விடும்.

4

ஆறாவது நாள், வேறு வழியில்லாமல் மஞ்சுவைப் பிடித்தேன்.

மஞ்சுநாத் என்னோடு அதே பிராக்கெட்டைப் பார்த்தவன். ஆனால் அது எங்கே உட்காரும் என்று போய்ப் பார்த்தவன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். ஒரே மூச்சில் மூன்றும் வரும். சூபர்வைசரைத் திட்டுவதென்றால் அவருக்குத் தெரியாத மொழியாகப் பார்த்துத் திட்டுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து கெலவரப்பள்ளி அணைக்குப் போவோம். வழியெல்லாம் எந்த வண்டி எதிரே வந்தாலும், சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிக்கொண்டே வருவான். பின்னால் வேலையை விட்டுவிட்டு, குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டிச் சொந்தமாகப் பட்டறை போட்டுவிட்டான்.

லாரி இரைச்சலில் போனில் பேசினால் ஒன்றும் கேட்காது என்று மஞ்சு எப்போதும் எழுத்தில்தான் பதில் போடுவான். அரசுப் பள்ளியில் படித்தவன், தமிழில் எழுதுவான். நான் இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்து, ஒரு நிமிஷம் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். ஸ்டீவ் சொன்ன எண்ணையும் அனுப்பினேன்.

எனக்கு இங்கே காலை, அவனுக்கு அங்கே மதியம். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"கேட்டன்டா. காலி தான். வேற ஒன்னும் இல்ல."

வண்டி முடிந்தது என்கிறான். "நிஜமாவா? நல்லாக் கேட்டியா?" என்று எழுதினேன்.

"நூறு பர்சன்ட் காலி. சத்தத்துலயே தெரியுது. நீ மனச ஒழப்பிக்காத."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. சரிடா என்று மட்டும் போட்டேன். மஞ்சு ஒரு வண்டியைக் காலி என்று சொல்லிவிட்டால் அது காலிதான். கம்பெனியில் அவன் சிவப்புத் தட்டில் போட்ட பிராக்கெட்டை யாரும் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை.

5

இங்கே வண்டியை உடைக்கக் கொடுப்பதற்கும் படிவம் இருக்கிறது. இணையத்தில் வண்டி எண்ணைப் போட வேண்டும். நான்கு சக்கரமும் இருக்கிறதா, சாவி இருக்கிறதா என்று கேட்பார்கள். பதிவுத்தாளில் ஒரு மஞ்சள் துண்டைக் கிழித்து நாம் வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் கேட்கப் போன் செய்தால், எடுத்த பெண், "மிஸ்டர் சுப்பையா" என்றாள். சுப்பையா என் அப்பா. பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதியதிலிருந்து இந்த நாட்டில் நான் அவர் பெயரில்தான் நடமாடுகிறேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனுஷன் அவர். அவருடைய காரைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றாள். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை கடைசி ஓட்டம். பவித்ராவிடம் சொல்லிவிட்டேன். பாதி வழியில், சிக்னலில் வண்டி நின்றபோது, இன்ஜின் தானாக ஏறி இறங்கி உறுமியது. அவள் அந்த மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா முடிஞ்சு போச்சுன்னு சொன்னது? ஸ்டீவா?"

"ஸ்டீவ் யோசிக்கச் சொன்னாரு. முடிஞ்சுதுன்னு சொன்னது மஞ்சு மாமா."

"அவர் எக்ஸாக்ட்டா என்ன சொன்னார்?"

"காலின்னு எழுதியிருந்தான். காலி தான், வேற ஒண்ணும் இல்லன்னு."

"வேற ஒண்ணும் இல்லன்னா? நத்திங் எல்ஸா?"

"ஆமா."

"தட்ஸ் வியர்ட். முடிஞ்சு போச்சு, நத்திங் எல்ஸ்னு யாராவது சொல்வாங்களா? டாக்டர் சொல்ற மாதிரி இருக்கு. ஒண்ணும் இல்ல, சளிதான், அப்படி." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா, அது எந்த கா?"

"எந்த கான்னா?"

"காக்கா கா-வா, காந்தி கா-வா?"

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். இங்கே யாரும் லேசில் ஹாரன் அடிக்க மாட்டார்கள், அவ்வளவு நேரம் நான் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

"ஊருக்குப் போனோமே, எனக்கு ஒன்பது வயசுல," என்றாள். "மஞ்சு மாமா பட்டறையில ஒரு குட்டி சைக்கிள் இருந்துச்சு. நான் ஓட்டணும்னு அடம் பிடிச்சேன். அவர் டயரை அமுக்கிப் பாத்துட்டு, பாப்பா, காலி இல்லன்னார். அந்தக் காந்தி கா. நான் முழிச்சேன். அந்த ஏர் ஹோஸை எடுத்து என் முகத்துல புஸ்ஸுன்னு அடிச்சு, இதான் காலின்னார். முடியெல்லாம் பறந்துச்சு. நான் மறுபடி மறுபடி அடிக்கச் சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இல்ல?"

எனக்கு ஞாபகம் இல்லை. நான் அப்போது யாரோடாவது போனில் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

தெலுங்கில் காற்றுக்கு அதுதான் பெயர். கன்னடத்திலும் அதேதான். ஓசூர் பாகலூர் ரோட்டில் பஞ்சர் கடைக்குப் பஞ்சர் கடை எட்டு வருஷம் காதில் விழுந்த சொல். யாராவது வாயால் சொல்லியிருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். அவன் அதைத் தமிழ் எழுத்தில் போட்டான், நான் அதைத் தமிழாகவே வாசித்துவிட்டேன். எழுத்துத் தெரிந்த நான் கோட்டை விட்டேன். எழுத்துத் தெரியாதவள் சத்தத்தைப் பிடித்துவிட்டாள்.

கல்லூரி வாசலில் நிறுத்தி மஞ்சுவுக்குப் போன் போட்டேன். பவித்ரா இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் லாரிகள் இரைந்தன.

"மஞ்சு, காலின்னு எழுதினியே, காத்தா?"

"காத்துதான்டா. பின்ன என்ன? எங்கியோ ஓட்ட வுழுந்து கள்ளத்தனமா காத்து உள்ள போவுது. விசில் சத்தம் கேக்குதே, உனக்குக் கேக்கல?"

"நான் வண்டி போச்சுன்னு நெனச்சேன்டா. நாளைக்கி உடைக்கக் கொண்டு போறாங்க."



"ஏன்டா," என்றான் மஞ்சு, "போச்சுன்னா போச்சுன்னு எழுத மாட்டனா? எட்டு வருசம் என் தட்டுல கைய வெச்சுத் தின்ன. ஒரு கா தெரியலயா உனக்கு?" பிறகு, "யார்ரா கண்டுபுடிச்சது?" என்று கேட்டான்.

"பாப்பா."

"அதான பாத்தன்," என்றான்.

பவித்ரா கதவைத் திறந்து இறங்கினாள். அன்று அவள் வகுப்புக்குப் பதினைந்து நிமிஷம் தாமதம். பையை மாட்டிக்கொண்டு, காக்கா மாதிரி ஒரு தடவை கரைந்து காட்டிவிட்டுப் போனாள்.

6

ஸ்டீவ் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கையை உள்ளே விட்டுத் தடவினார். இன்ஜினுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத வளைவில், ஒரு ரப்பர் குழாய் அடிப்பக்கமாக வெடித்திருந்தது. சுண்டுவிரல் நுழையும். அதை என் கையில் கொடுத்தார். அது ஒரு சின்ன இரும்புப் பிடியில் மாட்டியிருந்தது. மூன்று துளை. நான் பார்த்த பிராக்கெட்டா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. துளைகள் கொஞ்சம் தள்ளி இருந்தன. ஆனாலும் ஒன்று உறைத்தது. என்னுடையதும் எங்கோ ஒரு இடத்தில் இப்படி எதையோ பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

புதுக் குழாய் மாட்டியதும் விளக்கு அணைந்தது. அன்று மாலையே சோதனையில் தேறிவிட்டது.

உடைக்க வருகிறவர்களைத்தான் நிறுத்த முடியவில்லை. எடுக்க வருவதற்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வழியில்லை என்று கணினிக் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. சனிக்கிழமை பத்து மணிக்கு லாரி வந்துவிட்டது. நான் காருக்கு முன்னால் போய் நின்றேன். ஓட்டுநர், மிஸ்டர் சுப்பையாவா என்று கேட்டார். அவர் ஊரில் இல்லை என்றேன். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு, நான்தான், வண்டியில் கோளாறு இல்லை, வார்த்தையில்தான் கோளாறு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

7

திங்கட்கிழமை காலை வண்டி வாசலில் நின்றது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தேன். செப்டம்பர் வரைக்கும் எத்தனை காலைகள் இருக்கின்றன, என்னவெல்லாம் அவளிடம் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பத்து வயதில் அவளைக் கடிந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்பது அதில் முதல்.

பவித்ரா வெளியே வந்தாள். கையில் இரண்டு வெள்ளை அட்டைகள், சிவப்பில் எல் எழுத்து. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று ஒட்டினாள். நேரே வலது பக்கக் கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"லேர்னர் லைசன்ஸ் போன மாசமே வந்துடுச்சு. வண்டி போகுதேன்னு சொல்லலை," என்றாள்.

நான் சுற்றிக்கொண்டு போய், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் இடித்தது. அவள் கண்ணாடியைச் சரி செய்தாள், இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். வண்டி ஒரு தடவை குலுங்கி நகர்ந்தது. விளக்கு எரியவில்லை, விசில் சத்தமும் இல்லை.

முதல் திருப்பம் தாண்டியதும் ஆரம்பித்தேன். "பவி, அன்னைக்கி நீ தமிழ் கிளாஸ்ல கேட்டியே, அந்தப் பழக்கம் எங்க இருந்து…"

"அப்பா, ப்ளீஸ். நான் ஓட்டணும். பேசாதீங்க."

வாயை மூடிக்கொண்டேன். இருபத்தைந்து நிமிஷம் நாற்பது நிமிஷமானது. எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, இன்னும் தெரியவில்லை. ரவுண்டானாவில் அவள் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அதைத் தாண்டி, நேர் ரோட்டுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டாள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என் பக்கத்து ஜன்னலை நோக்கி முகவாயை மட்டும் அசைத்தாள்.

"அப்பா, கொஞ்சம் காலி."

காந்தி கா. நான் ஜன்னலை இறக்கினேன்.